கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றப் போகுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போய்க் காருக்குக் கேஸ் ஏற்றி வந்தேன். 1,200 ரூபாய். மூன்றே வாரத்தில் பழையபடி சூடு. மறுபடி போனேன், மறுபடி 1,200. அதற்கடுத்த வாரம் கத்திரி வெயிலில் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு மதுரை அழைத்துப் போனேன். வழியில் ரோடு வேலை நடந்த இடத்தில் கால் மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. அதுவரை குளிர்ந்துகொண்டிருந்த ஏசி, வண்டி நின்றதும் வெந்நீர் ஆவி மாதிரி அடிக்க ஆரம்பித்தது. அம்மாவுக்குத் தலை சுற்றி வாந்தியே வந்துவிட்டது.

கடைசியில் பார்த்தால் பழுது கேஸில் இல்லை. ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சருக்குக் காற்றடிக்கும் ஃபேனின் வயர் சாக்கெட்டில் உப்புக் களிம்பு. புதுச் சாக்கெட் 80 ரூபாய். இதை வீட்டு வாசலில் அரை மணி நேரத்தில் நானே கண்டுபிடித்திருக்கலாம். எங்கே பார்ப்பது என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி, ராமேசுவரம் என்று நம் கடற்கரையில் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும், முக்கியமாக முதல் கார் வாங்கியவர்களுக்கு இது உதவும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற பொருள் அது. பல வருடங்களில் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கசியும், அது இயல்பு. ஆனால் ஒரே சீசனில் குறைந்துவிட்டது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

1. தொடங்கும் முன்: நேரம், சாமான், எச்சரிக்கை

காலை ஏழு மணிக்குள் ஆரம்பியுங்கள். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. எல்லாம் பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் போதும். கூட ஒரு ஆள் வேண்டும், உள்ளே உட்கார்ந்து பட்டனை அமுக்க.

தேவையானவை: வயர் முனையில் சென்சார் உள்ள சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் (200 முதல் 300 ரூபாய்), டார்ச், 12 வோல்ட் டெஸ்டர், பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர், ஒரு நோட்டு, பேனா. கார் கம்பெனி கொடுத்த ஓனர் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபியூஸ் எதற்கு என்கிற படம் அதில்தான் இருக்கிறது.

எச்சரிக்கைகளைக் கவனமாகப் படியுங்கள்:

- வண்டியைச் சமதரையில், திறந்த இடத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். கதவு மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள்.
- பெல்ட் சுற்றும்போது கை, துண்டு, துப்பட்டா, தாலிச் சங்கிலி எதுவும் பக்கத்தில் போகக்கூடாது. முன்னால் இருக்கும் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. இன்ஜினை நிறுத்திய பிறகும் சில வண்டிகளில் திடீரென்று சுற்றும்.
- ஏசி குழாயின் நட்டு எதையும் கழற்றாதீர்கள். கேஸ் ஏற்றும் வால்வின் ஊசியை அமுக்கிப் பார்க்காதீர்கள். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள். திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.
- ஆன்லைனில் கேஸ் டப்பா வாங்கி வீட்டில் ஏற்றும் வேலையே வேண்டாம்.
- ஹைபிரிட், எலக்ட்ரிக் கார் என்றால் ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள். கேபின் ஃபில்டர் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு மீதியை சர்வீஸ் சென்டரிடம் விடுங்கள்.

2. நோயை எழுதுங்கள்

மெக்கானிக்கிடம் போய் "ஏசி சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் கேஸில்தான் ஆரம்பிப்பார். நீங்கள் சொல்கிற குறியிலேயே பாதி விடை இருக்கிறது. இவற்றில் எது உங்கள் வண்டியில் நடக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள்:

- காற்றே குறைவாக வருகிறது. (படி 3)
- காற்று நன்றாக வருகிறது, ஆனால் துளிகூடக் குளிர்ச்சி இல்லை. (படி 4, 6)
- ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் சூடு. (படி 5)
- நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ச்சி குறைந்து வருகிறது. (படி 6)
- ஒரு மணி நேரம் நன்றாக இருந்து அப்புறம் காற்றும் குளிர்ச்சியும் சேர்ந்து குறைகிறது. அணைத்துவிட்டுப் போட்டால் திரும்புகிறது. (படி 7)
- காலடியில் தண்ணீர், அல்லது முடை நாற்றம். (படி 7)

அடுத்து தெர்மாமீட்டர். சென்சாரைக் காற்று வரும் நடு வென்டுக்குள் இரண்டு விரற்கடை நுழைத்து வையுங்கள். கண்ணாடி எல்லாம் ஏற்றி, ரீசர்க்குலேஷன் (வண்டிக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடும் பட்டன்) போட்டு, டெம்பரேச்சர் திருகியைக் கடைசி நீலத்தில் வைத்து, உள்ளே காற்றடிக்கும் பிளோயரை இரண்டாம் நம்பரில் விட்டுப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். வெளியே எத்தனை டிகிரி, வென்டில் எத்தனை டிகிரி என்று எழுதுங்கள். வெளியே 33 இருக்கும்போது நல்ல நிலையில் உள்ள என் வண்டி நின்ற இடத்தில் 10 காட்டும், ஓட்டத்தில் 7க்கு இறங்கும். நின்ற இடத்தில் 15, 16க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் வென்டிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி வந்தால் பயப்படாதீர்கள். கடல் காற்றின் ஈரம் குளிர்ந்து பனியாக வருவது அது.

பட்டன்களையும் ஒரு தடவை சரிபாருங்கள். ரீசர்க்குலேஷன் அணைந்து கிடந்தால் வெளியிலிருக்கும் வெந்த காற்றையே வண்டி இழுத்துக்கொண்டிருக்கும். நம் பக்கத்து ஈரக் காற்றில் அது ஏசியைப் படுத்திவிடும். வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது மட்டும் முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி உள்சூட்டை வெளியே விட்டு, பிறகு ரீசர்க்குலேஷன் போடுங்கள்.

3. காற்று குறைவாக வந்தால்

பிளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடி, ஒன்று இரண்டு மூன்றில் ஓடவில்லையென்றால் பிளோயர் ரெசிஸ்டர் போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எதிலுமே ஓடவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் மோட்டார்.

ஓடுகிறது, ஆனால் காற்று சோம்பிப் போய் வருகிறது என்றால் கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் முன்சீட்டுக்கு எதிரே உள்ள டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அழுத்தினால் கீழே தொங்கும். பின்னால் ஒரு நீள மூடி தெரியும். கிளிப்பை எடுத்து ஃபில்டரை மெதுவாக, சாய்க்காமல் இழுங்கள். என் வண்டியில் எடுத்தபோது மடியில் ஒரு பிடி மணல் கொட்டியது. மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளின் ஒவ்வொரு மடிப்பிலும் தனுஷ்கோடி மணல், சீமைக் கருவேலத்தின் பொடி இலை, பனந்தும்பு. வெள்ளையாக இருக்க வேண்டிய தாள் கருவாட்டு நிறத்தில் இருந்தது.

இதைத் தண்ணீரில் கழுவாதீர்கள், தாள் ஊறிப் பாழாகிவிடும். லேசான தூசி என்றால் தட்டிவிட்டு மாட்டலாம். என் வண்டியில் இருந்த மாதிரி என்றால் புதிதாக வாங்குங்கள். 250 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும். ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், பழையது இருந்த திசையிலேயே புதியதையும் வையுங்கள். சோழகக் காற்று மணலை வாரி அடிக்கிற மாதங்களில் நான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன்.

விலை குறைந்த மாடல் சிலவற்றில் கம்பெனி ஃபில்டரே கொடுத்திருக்காது, இடம் மட்டும் இருக்கும். அப்படியென்றால் மணல் நேராக, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் போய் ஒட்டுகிறது. இன்றைக்கே ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

4. கம்ப்ரசர் இழுக்கிறதா?

கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்தான் கம்ப்ரசர். பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, கைக்கெட்டாத தூரத்தில் நின்று பாருங்கள். உள்ளே இருப்பவர் ஏசி பட்டனை அமுக்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். கம்ப்ரசர் புல்லியின் முகப்பில் உள்ள வட்டத் தகடு புல்லியோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். இன்ஜின் சத்தமும் ஒரு நொடி அமுங்கி எழும். கொஞ்ச நேரம் இழுத்து, விட்டு, மறுபடி இழுப்பது இயல்பு. ஐந்து நொடிக்கு ஒரு தடவை 'டக் டக்' என்று விட்டுவிட்டுப் பிடித்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். (புது மாடல் சிலவற்றில் கம்ப்ரசரைப் புல்லியோடு சேர்த்துவிடும் இந்தக் கிளட்ச்சே கிடையாது, சத்தமும் வராது. ஓனர் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இழுக்கவே இல்லையென்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். ஏசி ஃபியூஸ் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரிலே, அதாவது கம்ப்ரசருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச் பெட்டி. அதே நம்பர் போட்ட ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி ஏசி ரிலே இருந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். கம்ப்ரசர் இழுத்துவிட்டால் பழுது ரிலேயில்தான். புதியது 150 முதல் 300 ரூபாய். முதலில் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பிடுங்குங்கள், எது எங்கே இருந்தது என்ற குழப்பம் வராது.

கருகின ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவதும், வெள்ளித்தாள் சுற்றுவதும் வண்டியைக் கொளுத்துகிற வேலை. அதே ஆம்பியர் போட்டு மறுபடி கருகினால் உள்ளே எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. எலி கடித்திருந்தாலும் இப்படி ஆகும். அங்கே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைப் பாருங்கள்.

ஃபியூஸும் ரிலேயும் நன்றாக இருந்தும் இழுக்கவில்லையா? கேஸ் ஒரேயடியாகக் குறைந்துபோனால், கம்ப்ரசர் காய்ந்து கெடாமல் இருக்க பிரஷர் சுவிட்ச் அதை நிறுத்தி வைக்கும். படி 6க்குப் போங்கள். பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துக் கம்ப்ரசரை இழுக்கவைக்காதீர்கள். கேஸோடு சேர்ந்துதான் எண்ணெய் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் சுற்றினால் கம்ப்ரசரே இறுகி நின்றுவிடும்.

5. ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் சூடு: ஃபேனும் கண்டென்சரும்

நம் கடற்கரையில் இதுதான் பெரிய தொல்லை. நான் 2,400 ரூபாயை இழந்த இடமும் இதுதான்.

வண்டியின் மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பது கண்டென்சர். உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவது அது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதை ஆற்றிவிடும். நின்றால் ஃபேன்தான் ஆற்ற வேண்டும். பாம்பன் பாலத்தில் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் சிக்கினாலும், ராமேசுவரத்தில் அமாவாசை நெரிசலில் நின்றாலும் ஃபேன் ஓடாத வண்டி அடுப்பாகிவிடும்.

சோதிப்பது சுலபம். ஏசியைப் போட்டுவிட்டு முன்னால் வந்து நில்லுங்கள். பல வண்டிகளில் கம்ப்ரசர் இழுத்ததுமே ஃபேன் சுற்றும். சிலவற்றில் ஒன்றிரண்டு நிமிடம் கழித்து. ஐந்து நிமிடம் ஆகியும் சுற்றவில்லையென்றால் பழுது இங்கேதான்.

என் வண்டியில் இதைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுத் தம்பி. விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருந்தார். பானெட்டைத் திறந்த கையோடு, "அண்ணே, ஃபேனே சுத்தலையே, கேஸுக்கு ஏன் அலையுறீங்க?" என்றார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேன் மோட்டார் பக்கத்து சாக்கெட்டைப் பிடுங்கினார். இரண்டு பின். ஒன்று பித்தளை நிறத்தில் இருந்தது. இன்னொன்றைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் பாதிப் பின் பொடியாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. "போட்டுல தினம் பார்க்கிறதுதான் இது. கடக்காத்து முதல்ல சாக்கெட்டைத்தான் தின்னும்" என்றார். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் புதுச் சாக்கெட் மாற்றி, மாட்டும் முன் பின்னில் துளி வாசலின் தடவினார். உப்பு ஈரம் உலோகத்தைத் தொடாமல் இருக்க அதுவே போதும். அன்றிலிருந்து அந்த ஃபேன் நிற்கவில்லை.

நீங்களும் இதே வரிசையில் பாருங்கள்: ஃபியூஸ், ரிலே, சாக்கெட், கடைசியாக மோட்டார். சாக்கெட்டில் டெஸ்டர் எரிந்தும் ஃபேன் சுற்றவில்லையென்றால் பெரும்பாலும் மோட்டார் போயிருக்கும். அதை மாற்ற மாடலைப் பொறுத்து 1,500 முதல் 4,000 ரூபாய் ஆகலாம்.

ஃபேன் ஓடியும் சூடு என்றால் கண்டென்சர் அடைப்பாக இருக்கலாம். கிரில் வழியாக டார்ச் அடியுங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பூச்சி, மணல், வெள்ளையாக உப்புப் படலம் தெரியும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கழுவுங்கள். இங்கே ஒரு பெரிய தப்பு நடக்கிறது: நம் ஊர் போர் தண்ணீரில் கழுவுவது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றினால் என்ன பயன்? காவிரிக் குடிநீரோ, காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரோ இரண்டு குடம் போதும். பூவாளியாலோ, தோட்டத்து ஸ்பிரேயராலோ மெதுவாக ஊற்றுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைப் பக்கத்தில் வைத்து அடித்தால் தகடுகள் மடிந்து, காற்று போகிற வழியே அடைபட்டுவிடும். பிரஷ் போடுவதென்றால் தகடு நிற்கிற திசையிலேயே, மேலிருந்து கீழாக மட்டும்.

பிரஷ் பட்டதும் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் உப்பு அதைத் தின்றுவிட்டது. கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டிய நாள் நெருங்கிவிட்டது.

6. கேஸ் கசிகிறதா என்று திறக்காமலே பார்ப்பது

கேஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதோடு சுற்றும் எண்ணெய் தெரியும். ஓட்டை இருக்கிற இடத்தில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, கறுப்பாக ஈரத் திட்டு மாதிரி இருக்கும். டார்ச்சை வைத்துக்கொண்டு இந்த இடங்களைப் பாருங்கள்: குழாய் இணைப்புகள், கண்டென்சரின் கீழ் ஓரம், கம்ப்ரசர் முகப்பு, ரப்பர் ஹோஸ் உலோகத்தோடு சேருமிடம். சந்தேகப்பட்ட இடத்தில், இன்ஜின் ஓடாதபோது, சோப்பு நுரையைத் தடவிப் பொறுமையாக ஐந்து நிமிடம் பாருங்கள். பொட்டுப் பொட்டாகக் குமிழி வந்தால் அதுதான் இடம். போட்டோ எடுத்து வையுங்கள். குமிழி வரவில்லை என்பதற்காக ஓட்டை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; மெல்லிய கசிவு நுரையில் தெரியாது.

கேஸ் ஏற்றும் இரண்டு வால்விலும் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் ஏற்றிய பையன் மூடியை மாட்ட மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மூடி இல்லாத வால்வில் மணலும் உப்பும் சேர்ந்து அதுவே கசிய ஆரம்பிக்கும்.

இன்னொரு சோதனை. ஏசி பத்து நிமிடம் ஓடிய பிறகு, பெல்ட்டும் ஃபேனும் இல்லாத பக்கமாக, தடித்த குழாயைப் புறங்கையால் தொடுங்கள். சில்லென்று, வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாயைத் தொடாதீர்கள், சுடும். கம்ப்ரசர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே தடித்த குழாயில் குளிர்ச்சி இல்லையென்றால் கேஸ் குறைந்திருக்கலாம், இல்லை கம்ப்ரசர் பம்ப் செய்யாமல் வெறுமனே சுற்றலாம். இரண்டில் எது என்பது கடையில் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினால்தான் தெரியும். வீட்டு வேலை இதோடு முடிந்தது.

7. தண்ணீர், நாற்றம், பனிக்கட்டி

ஏசி போட்டால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், கால் மணி நேரத்தில் ஒரு சின்னக் குட்டையே தேங்கும். வெளியே சொட்டாமல் கால் மிதியடி நனைந்தால் டிரெயின் குழாய் அடைப்பு. குளவி மண்கூடு கட்டியிருக்கும், இல்லை மணல் சேறாகிப் போயிருக்கும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டின் கீழ்ப்பக்கம் சின்ன ரப்பர் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். வளைகிற நைலான் நரம்பு ஒன்றை நாலு விரற்கடைக்கு மேல் போகாமல் விட்டுச் சுழற்றினால் அடைப்பு உடைந்து தண்ணீர் கொட்டும். கம்பி விடாதீர்கள், கூலிங் காயில் பொத்தலாகும். ஜாக்கி மட்டும் தாங்குகிற வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் படுக்காதீர்கள்.

நாற்றம் வருவது ஈரக் காயிலில் பூஞ்சை பிடிப்பதால். வீடு சேர இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஏசியை அணைத்துவிட்டு பிளோயரை மட்டும் ஓட விடுங்கள், காயில் காய்ந்துவிடும்.

நீண்ட பயணத்தில் காற்றும் குளிர்ச்சியும் சேர்ந்து குறைந்தால் காயிலில் பனிக்கட்டி பிடித்திருக்கிறது. ஏசியை அணைத்து பத்து நிமிடம் பிளோயரை ஓட விடுங்கள். சரியாகிவிட்டால் அதுதான். முதல் சந்தேகம் கேபின் ஃபில்டர், அடுத்தது காயில் சென்சார், அதற்கடுத்தது குறைந்த கேஸ்.

8. கடைக்குப் போகும்போது: எடுத்துப் போவது, கேட்பது, கொடுப்பது

வாரண்டி முடியவில்லையென்றால் வெளிக்கடையில் ஏசி குழாயைத் திறக்கவே விடாதீர்கள். வாரண்டி புத்தகம், ஆர்.சி. நகல், பழைய சர்வீஸ் பில்களோடு கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன குறியை அப்படியே எழுதச் சொல்லுங்கள். "ஏசி செக்" என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்சூரன்ஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். துருப்பிடித்து, தேய்ந்து போனதற்குப் பாலிசி பணம் தராது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆடு குறுக்கே வந்து மோதியோ, கல் தெறித்தோ கண்டென்சர் உடைந்தால் அது விபத்து. முழு இன்சூரன்ஸ் இருந்தால் கேட்கலாம். வேலையைத் தொடங்குமுன் போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி நகல், எஸ்டிமேட் கேட்பார்கள். 1,500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாயும், அதற்கு மேல் 2,000 ரூபாயும் நம் கையிலிருந்து போகும். நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். சின்னச் செலவென்றால் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை:

- "டாப்-அப் வேண்டாம். லீக் டெஸ்ட் போட்டு, வேக்கம் எடுத்து, எடை பார்த்து ஏற்றுங்கள்." டாப்-அப் என்பது இருக்கிற கேஸுக்கு மேலே கொஞ்சம் ஏற்றுவது. வேக்கம் என்பது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் மெஷினால் உறிஞ்சி எடுப்பது. அது குறைந்தது அரை மணி நேரம் ஓட வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் அது எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். மெஷினை நிறுத்திய பிறகும் கேஜின் முள் பத்து, பதினைந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும்.
- எத்தனை கிராம்? பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் எடையும் இருக்கும். என் வண்டிக்கு 370 கிராம். இரண்டு டாப்-அப்புக்குப் பிறகு மெஷினில் உறிஞ்சிப் பார்த்தபோது 520 கிராம் இருந்தது. அதிகமானாலும் அழுத்தம் ஏறிக் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசரும் தாங்காது. 
- எந்த கேஸ்? ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்று இருந்தால் 134ஏ ஏற்றக்கூடாது. விலை மலிவு என்று பெயரில்லாத சிலிண்டரிலிருந்து ஏற்ற வந்தால் மறுத்துவிடுங்கள். அதில் தீப்பற்றுகிற கேஸ் கலந்திருக்கலாம்.
- கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் பாகத்தின் பெயர், கேஸின் எடை, எத்தனை நாள் உத்தரவாதம் என்பது இருக்க வேண்டும்.

நான் கொடுத்ததும், சின்ன காருக்கு ராமநாதபுரத்திலும் மதுரையிலும் விசாரித்ததும் ஏறக்குறைய இப்படி இருந்தது. வேக்கத்தோடு முழு கேஸ் 1,500 முதல் 2,500. அரை நாள் வேலை. வெளிக் கம்பெனி கண்டென்சர் 3,500 முதல், கம்பெனி பாகம் 8,000 வரை, ஒரு நாள். கூலிங் காயிலுக்குப் பாகம் 3,000 முதல் 6,000, டேஷ்போர்டு கழற்றக் கூலி தனியாக 2,000க்கு மேல். முழுதாக ஒரு நாள், சில வண்டிக்கு இரண்டு நாள். கம்ப்ரசர் 12,000 முதல் 25,000. "கம்ப்ரசர் போச்சு" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கேஜ் ரீடிங்கைச் செல்போனில் படம் எடுத்து இன்னொரு கடையில் காட்டுங்கள். கம்ப்ரசரைத் திறந்து மாற்றுகிறார்கள் என்றால் கேஸிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், அதில் காசு பார்க்காதீர்கள்.

9. சரியான பிறகு

கடையிலிருந்து கிளம்புமுன் அங்கேயே தெர்மாமீட்டரை வென்டில் வைத்துப் பாருங்கள், ஃபேன் ஓடுகிறதா என்றும் முன்னால் போய்ப் பாருங்கள். பானெட்டை மூடி, வண்டியை நிறுத்திய நிலையிலேயே பத்து நிமிடம். பலர் பானெட்டைத் திறந்து வைத்துக் கொண்டே காட்டிவிடுவார்கள். அது நம்மை ஏமாற்றும்.

அரிச்சல்முனை வரை போய் வந்தால் அன்றைக்கோ மறுநாளோ முன்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்துவிடுங்கள். மார்கழிக் குளிரிலும் வாரத்துக்குப் பத்து நிமிடம் ஏசியை ஓட விடுங்கள், உள்ளே எண்ணெய் சுற்றினால்தான் சீல் காயாது.

இந்தச் சோதனை முழுவதையும் மாசி முடிவதற்குள் ஒரு தடவை செய்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் கடையில் வரிசை நிற்கும். கூட்டத்தில் யாருக்கும் லீக் டெஸ்ட் போடப் பொறுமை இருக்காது, டாப்-அப் போட்டுத்தான் அனுப்புவார்கள். பார்த்த தேதி, வெளியே எத்தனை டிகிரி, வென்டில் எத்தனை டிகிரி, ஏற்றிய கேஸ் எத்தனை கிராம் என்று ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டு பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த மாசியில் அந்தச் சீட்டுக்கும் அன்றைய அளவுக்கும் நாலு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் படி 5லிருந்து ஆரம்பியுங்கள்.